அக்கா பாடிய கச்சேரியில் நான் எங்கே இருந்தேன்

என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். எழுபதுகளில் போடியில் டவுசர் போட்டுத் திரிந்தவர்களுக்கு. திருவிழாக் கச்சேரிக்கு முன்வரிசையில் மண்ணில் இடம் பிடித்து உட்கார்ந்தவர்களுக்கு. அதையெல்லாம் இப்போது பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு.

என் மகள் மலைமேல் என் அக்கா வீட்டில் இருக்கிறாள். எப்படி இருக்கிறாள் என்பதை அக்கா ஃபோனில் சொல்வதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அக்கா சொல்வதை நம்பலாமா என்பது தெரியாமல்தான் தவித்துக்கொண்டிருக்கிறேன். இப்படிச் சொன்னால் அக்காவைத் தப்பாக நினைப்பீர்கள். அவள் தங்கமானவள். அதனால்தான் பயமாக இருக்கிறது. இது புரிய வேண்டுமென்றால் அந்தக் கச்சேரியிலிருந்து தொடங்க வேண்டும்.

என் நினைவில் இருந்ததை அப்படியே சொல்கிறேன்.

சித்திரை மாதம். இலவங்காய் வெடித்துப் பஞ்சு தெருவெல்லாம் பறக்கும் காலம். மலைக்கோயில் திருவிழாவுக்கு எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப்பு ஜீப்பாக ஆட்கள் இறங்குவார்கள். அந்த வருஷம் ஒரு ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ரோஸ் கலர் நோட்டீஸை அள்ளி வீசிப் போனார்கள். நாங்கள் பின்னால் ஓடிப் பொறுக்கினோம். மதுரையிலிருந்து மெல்லிசைக் குழு. நோட்டீஸில் எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில் 'பாப் இசை' என்று போட்டிருந்தது. பாப் இசை என்றால் என்ன என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அப்பாவிடம் கேட்டதற்கு, "கிதாருக்குக் கரண்டு குடுத்து அடிக்கிறதுடா" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. குழுக்காரர்களுக்குக் கீழே அகலமாக விரியும் பேண்ட், காதை மூடிய முடி. ஜிகினாத்தாள் ஒட்டிய பெரிய டிரம். இருட்டிய பிறகும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்த ஒரு பாடகர். அக்கார்டியன் வாசித்தவர் விரிக்கும்போதெல்லாம் அது பெருமூச்சு விட்டது. ஏலக்காய்க் கடைக்காரர்கள் முன்னால் நாற்காலியில் இருந்தார்கள். அவர்கள் சட்டையில் காய் வாசம் வந்தது. மேடை விளக்குகளுக்கு முன்னால் இலவம்பஞ்சு மிதந்தது.

குழுவின் பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது. உள்ளூரில் யாராவது பாடுவார்களா என்று கேட்டார்கள். எங்கள் தலைமை ஆசிரியர் அக்காவைச் சொன்னார். அக்கா அந்த வருஷம்தான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதி முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் தினமும் கடவுள் வாழ்த்து பாடியவள். அப்பா அரைமனதாகத் தலையாட்டினார். நீலத் தாவணி கட்டிக்கொண்டு அக்கா மேடை ஏறினாள்.

அவள் பாடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கரண்டு போய்விட்டது. மைக் செத்தது. கிதார் செத்தது. அக்கா நிறுத்தவில்லை. அத்தனை பெரிய மைதானத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அப்பா எழுந்து மூன்று கட்டை டார்ச்சை அவள் முகத்தில் அடித்தார். அந்த வெளிச்சத்தில் அவளுடைய முறுக்குச் சங்கிலி மினுங்கியது. அவள் முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். அப்பா இருட்டில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவுதான். சொல்லும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் அடிக்கடி கரண்டு போகும். போனால் என் மடியில் வந்து உட்கார்ந்து, "அத்தை பாடுன கதை சொல்லுப்பா" என்பாள். சங்கிலி மினுங்கிய இடம் வந்ததும் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். அவளும் பாடுவாள். நன்றாகவே பாடுவாள். அப்பன் என்பதால் சொல்லவில்லை.

கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்த்தோம். இரண்டாம் வருஷம் கல்லூரி விழாவில் பாடப் பேர் கொடுத்திருந்தாள். அன்று மத்தியானம் ஃபோன் செய்தாள்.

"அப்பா, பயமா இருக்கு. பேரை வாபஸ் வாங்கிறவா?"

"அத்தை கரண்டே இல்லாம பாடுனா. உனக்கு மைக்கு இருக்கு, லைட்டு இருக்கு. என்ன ஆத்தா பயம்? தைரியமா ஏறு."

"சரிப்பா" என்றாள்.

அடுத்து நடந்ததை அவள் சொல்லி நான் கேட்கவில்லை. ஒரு வீடியோவில்தான் பார்த்தேன். யாரோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பியது. குரல் ஓரிடத்தில் உடைகிறது. பின்னாலிருந்து ஒருவன் நாய் மாதிரி ஊளையிடுகிறான். உடனே பத்துப் பேர். பிறகு கூடம் முழுக்க. அவள் மைக்கைப் பிடித்தபடியே நிற்கிறாள். போகவும் இல்லை, பாடவும் இல்லை. அதை யாரோ வெட்டி, நிஜ நாய்ச் சத்தம் சேர்த்து, திரும்பத் திரும்ப ஓடும்படி செய்து விட்டிருந்தார்கள்.

மகள் பஸ்சு ஏறி வீட்டுக்கு வந்தாள். பையைக்கூடப் பிரிக்கவில்லை. சாப்பாடு நின்றது. பேச்சு நின்றது. மதுரைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு இவங்களைத் தனியா விடாதீங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அவள் அறைத் தாழ்ப்பாளைத் திருப்புளி வைத்துக் கழற்றினேன். அவள் கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை.

மனைவி அவள் அறையிலேயே பாய் போட்டுப் படுத்தாள். காலேஜ் பையனைப்போல் நான் எந்நேரமும் ஃபோனும் கையுமாக இருந்தேன். அந்த வீடியோவை யாராவது நீக்கியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். மனைவி வந்து ஃபோனைப் பிடுங்குவாள். "ஏங்க, நீங்க பாக்குறதே ஒரு கணக்குல ஏறுமாம். பாக்காதீங்க."

இந்த நேரத்தில்தான் என் பள்ளித் தோழன் ஒருவன் வந்தான். ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருப்பவன். நல்ல மனசு, உரத்த குரல். ஒரு பை மாம்பழத்தைத் தரையில் வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்தான்.

"ஏ மாப்ளே, புள்ளைக்கு எடுத்துச் சொல்றதில்லயா? இதெல்லாம் ஒரு விசயமா? உங்கக்கா பாடுனப்ப ஊரே ஊளை விட்டுச்சே. உங்கப்பா மேடையில ஏறித் தரதரன்னு இழுத்துட்டுப் போனாரே. அந்தக்கா என்ன வீணாவா போச்சு? பேத்தி எடுத்து ஜம்முனு இருக்கு."

நான் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். அவன் ஆறுதல் சொல்கிற வேகத்தில் இருந்தான். அறைக் கதவு திறந்தது. மகள் நின்றாள். வந்ததிலிருந்து அவளாக வெளியே வந்தது அதுதான் முதல் தடவை.

"மாமா சொல்றது நெசமாப்பா?"

"இல்ல ஆத்தா. இவன் வேற எதையோ..."

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? நான் முன்னால உக்காந்துருந்தேன்" என்றான் அவன்.

"அப்போ நீங்க சொன்னது?"

"எனக்கு அப்படித்தாம்மா ஞாபகம்."

"அந்த ஞாபகத்தை நம்பித்தாம்ப்பா நான் ஏறுனேன்."

கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் இல்லாத கதவு. சாத்தியபின் லேசாகத் திறந்துகொண்டது. அந்த இடுக்கு வழியாக அவள் முதுகு தெரிந்தது. நண்பன் மாம்பழப் பையைப் பார்த்துக்கொண்டே, "நான் வர்றேன்டா" என்று எழுந்து போனான்.

அன்றிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே சொல்லலாம். கதை நிஜம் என்று நிரூபித்துவிட்டால் மகள் எழுந்துவிடுவாள் என்று தோன்றியது. அவள் என்மீது வைத்த நம்பிக்கையாவது மிஞ்சும். என் வயதுக்காரர்கள் யார் யார் நம்பர் கிடைத்ததோ எல்லாரையும் கூப்பிட்டேன்.

பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவன் ஒருவன். "கரண்டே போகலடா. மைக்செட்டுக்காரன் தண்ணியப் போட்டுட்டு ஒயரை மிதிச்சுட்டான். அன்னைக்கு மழை வேற" என்றான்.

"சித்திரையில ஏதுடா மழை?"

"கோடைமழைடா. நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு ஓடுனோம்ல."

இன்னொருவன், மெட்ராசிலிருந்து பெரிய சினிமாப் பாடகரே வந்திருந்தார் என்றும், தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்ததாகவும் சத்தியம் செய்தான். போடிக்கு எந்தக் காலத்திலும் அவர் வந்ததில்லை. ராசிங்காபுரத்தில் இருக்கும் என் வகுப்புத் தோழி, டீச்சராக இருந்தவள், நன்றாக யோசித்துச் சொன்னாள். "தாவணி மஞ்சள். நீலம் இல்ல. கழுத்துல ஒண்ணுமே கிடையாது. கழுத்து மூளியா வயசுப் பிள்ளைய மேடையேத்துவாகளான்னு எங்கம்மா எத்தனையோ நாளு பேசுச்சு. எனக்கு அதான் ஞாபகம்."

"எல்லாரும் கத்துனாங்களா?"

"கத்துனாங்கப்பா. ஓன்னு ஒரே சத்தம். நான் காதைப் பொத்திக்கிட்டேன்."

ஒருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதும் ஒட்டவில்லை. மழை ஒருவருக்குப் பெய்தது, ஒருவருக்குப் பெய்யவில்லை. அக்காவின் தாவணி ஊரில் உள்ள நிறமெல்லாம் ஆனது. எனக்கு ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. மழையை இவர்கள் தப்பாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால் ஊளையையும் தப்பாகத்தானே வைத்திருப்பார்கள்? படித்தவன், ஆபீசில் குப்பை கொட்டியவன், இப்படி ஒரு வாதத்தைப் பிடித்துக்கொண்டு விடிய விடியப் புரண்டிருக்கிறேன். ஆனால் ஊளை விஷயத்தில் மட்டும் எல்லாரும் ஒன்றாகத்தான் சொன்னார்கள்.

அக்காவையே கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் கச்சேரியைப் பற்றி அவளிடம் யாரும் பேசியதில்லை. அந்த ஆவணியிலேயே அவளைப் போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருந்த ஒரு குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணத்தன்று ஜீப்பில் ஏற்றும்போது அவள் அழுதது இன்னும் கண்ணில் இருக்கிறது. இல்லை, இருக்கிறதா? இப்போது எதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு அவள் மலையை விட்டு அதிகம் இறங்கவில்லை. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அவளிடம் கேட்டால் பதில் வந்துவிடும். அதுதான் பயம்.

ஒருநாள் காலை மகள் குளித்து, தலை சீவி, செருப்பை எடுத்து மாட்டினாள். "நான் அத்தைகிட்டயே கேக்கப் போறேன்."

"நானும் வர்றேன்."

"வருவீங்கன்னு தெரியும்."

தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பில்தான் இடம் கிடைத்தது. சாப்பாட்டு வாளியும் சாக்குமாகப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மகளை உள்ளே தள்ளி நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஒரு பெண் அவளிடம், "என்ன படிக்கிற பாப்பா?" என்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நானே, "காலேஜ், லீவுல வந்திருக்கா" என்றேன். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பாதி மலையில் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் லோடு லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கினார்கள். நான் டிரைவரிடம் எவ்வளவு நேரமாகும் என்று கேட்டுவிட்டுத் திரும்பினால் மகளைக் காணவில்லை. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக மஞ்சு மூடியிருந்தது. நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு கழன்றது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"காத்து வாங்க வந்தேம்ப்பா."

"சரி. வா."

"எல்லாரும் பாக்குறாங்க. கையை விடுங்க."

"விடுறேன்" என்றேன். விடவில்லை. ஜீப்பு கிளம்பி அக்கா வீட்டு இறக்கத்தில் இறங்கும்வரை விடவில்லை. அவள் கையில் என் விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது.

அக்கா சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு சுற்றியிருந்தாள். "வா மோளே" என்று மகளின் கன்னத்தைத் தடவினாள். இத்தனை வருஷத்தில் மலையாளம் அவள் பேச்சில் நன்றாகவே ஒட்டியிருந்தது. ஏன் இளைத்தாய் என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "உனக்கு என்னடா ஒத்தச் செருப்பு?" என்றாள். அப்போதுதான் கீழே பார்த்தேன்.

அடுப்பங்கரையில் எங்களை உட்கார வைத்துப் பாலில்லாத கட்டன் சாயா போட்டாள். நான் வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். மகள் ஒரே கேள்வியாகக் கேட்டுவிட்டாள்.

"அத்தை, நீங்க கச்சேரியில பாடுனப்ப எல்லாரும் ஊளை விட்டாங்களா?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள். "யார் சொன்னது?"

"அப்பாவோட ஃப்ரெண்டு. அப்பா மட்டும் யாருமே சத்தம் போடலன்னு சொல்லுவாரு."

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "இன்னுமாடா அதைச் சொல்லிக்கிட்டுத் திரியுற?"

பிறகு மகளிடம் திரும்பினாள். "கத்துனாங்க மோளே. கரண்டு போயிருச்சு. கண்ணைத் தெறந்தாலும் மூடுனாலும் ஒரே இருட்டு. பின்வரிசையில எஸ்டேட்டுப் பொம்பளைங்க உக்காந்திருந்தாங்க. திடீர்னு அங்கருந்து ஊ... ஊய்னு சத்தம். உடனே முன்னால இருந்த பயலுக சிரிச்சுக்கிட்டே ஊளை விட ஆரம்பிச்சானுங்க. அப்புறம் ஊரே. அப்பா இருட்டுலயே மேடையில ஏறிக் கையைப் பிடிச்சு இழுத்தாரு. குடும்ப மானம் போச்சுன்னு அதுக்கப்புறம் வாசலுக்குக்கூட விடல. இங்க கட்டிக் குடுத்துட்டாரு."

"அந்தப் பொம்பளைங்க ஏன் அத்தை கத்துனாங்க?"

"அது கத்துறது இல்ல. இங்க வந்தப்புறந்தான் எனக்கே தெரிஞ்சது. ஏலச்செடி ஆளை மறைக்கும். பக்கத்து வரிசையில யார் இருக்கான்னு தெரியாது. மஞ்சு எறங்குச்சுன்னா ஒருத்தி ஊய்னு குரல் குடுப்பா. கேட்டவ பதிலுக்குக் குடுப்பா. நான் இங்கதான் இருக்கேன், பயப்படாதன்னு. அன்னைக்கு இருட்டானதும் பழக்க தோசத்துல எனக்குக் குரல் குடுத்திருக்குதுக. நான் எங்க கண்டேன்? அப்பா எங்க கண்டாரு?"

எனக்கு மூச்சு வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். "பாத்தியா ஆத்தா! அது ஊளையே இல்ல! துணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. நாந்தான் சொன்னேன்ல..."

"அப்பா" என்றாள் மகள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். "என்னைப் பாத்துக் கத்துனவங்க தோட்டத்துல இருந்து வரல. அவங்க ஊளைதான் விட்டாங்க."

நான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"ஆமா மோளே" என்றாள் அக்கா. "அந்தப் பயலுகளும் ஊளைதான் விட்டானுங்க. பொம்பளைங்க குரல் தனி, அது தனி. ரெண்டையும் நான் கேட்டேன்."

அங்கேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். எதையாவது காப்பாற்றியாக வேண்டும் என்று இருந்தது. "இருந்தாலும் நீ நிறுத்தலயே அக்கா. அப்பா டார்ச் அடிச்சாரே. உன் சங்கிலி மினுங்குச்சே. நான் என் கண்ணால பாத்தேன்."

"எந்தச் சங்கிலி?"

"உன் முறுக்குச் சங்கிலி."

அக்கா சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "டேய் தம்பி. அது உன் கழுத்துலல்லடா கிடந்துச்சு. உனக்குப் பொன்னுக்கு வீங்கி. ரெண்டு கன்னமும் பூசணிக்காயாட்டம் இருந்துச்சு. தங்கம் போட்டா வீக்கம் வத்தும்னு அம்மா என் சங்கிலியக் கழட்டி உனக்குப் போட்டுச்சு. அதுக்கப்புறந்தான் மேடை ஏறச் சொல்லி ஆள் வந்தாங்க. நீ எங்க கச்சேரிக்கு வந்த? கட்டில்ல கிடந்த. டார்ச்சும் அம்மாகிட்டதான். கரண்டு போனப்ப உன் கன்னத்துல பத்துப் போட அதைத்தான் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் கை தானாகக் கழுத்துக்குப் போய்விட்டது. வீங்கிய தோலில் சங்கிலி உறுத்திய இடம் அங்கே இருந்தது. மஞ்சள் பத்து காய்ந்து இழுத்தது. அம்மாவின் கைவளை டார்ச்சில் இடித்த சத்தம். முகத்துக்கு நேரே வெளிச்சம். சங்கிலி மினுங்கியதை நான் பார்த்தது நிஜம்தான். கன்னத்தை அமுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தேன், என் நெஞ்சில்.

டிரம்மும் கறுப்புக் கண்ணாடியும் அக்கார்டியனும் அதற்கு முன்னும் பின்னும் நான் போன வேறு வேறு கச்சேரிகளாக இருக்கவேண்டும்.

"அப்ப எனக்கு யார் சொன்னது?"

"நாந்தான்." அக்கா அடுப்பில் விறகைத் தள்ளினாள். "அப்பா முற்றத்துல நின்னு கத்திக்கிட்டு இருந்தாரு. அம்மா அழுதுச்சு. நான் உன் கட்டில்கிட்ட வந்து உக்காந்தேன். 'அக்கா பாடுனியா? எல்லாரும் கேட்டாங்களா?'ன்னு கேட்ட. அன்னைக்கு அந்த வீட்டுல எங்கிட்ட நல்லபடியா ஒரு வார்த்தை கேட்டது நீ ஒருத்தன்தான். உங்கிட்டப் போய் என்னத்தச் சொல்ல? யாரும் மூச்சுக்கூட விடலடா, அப்பாவுக்குக் கண்ணே கலங்கிருச்சுன்னேன். நீ சிரிச்ச. சிரிச்சா வலிக்கும்னு ரெண்டு கன்னத்தையும் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்ச."

மகள் சாயாவைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் காலில்கூட விழுந்திருப்பேன். அவள் அக்காவைத்தான் பார்த்தாள்.

"எத்தனாவது வரியில அத்தை நிறுத்துனீங்க?"

"மூணாவதோ என்னவோ. நீ?"

"ரெண்டு."

"அப்ப நான் ஒரு வரி கூட" என்றாள் அக்கா.

மகளின் உதட்டோரம் அசைந்தது. சிரிப்பா அழுகையா என்று பார்ப்பதற்குள் குனிந்து சாயாவைக் குடித்தாள். முழுவதையும் குடித்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போது, "நீங்க போங்கப்பா. நான் இங்க கொஞ்ச நாள் இருக்கேன்" என்றாள். டாக்டர் சொன்னதை அக்காவிடம் ஒதுக்குப்புறமாக இரண்டு தடவை சொன்னேன். "தெரியுதுடா. நான் பாத்துக்கறேன், வெரசா போ, மஞ்சு எறங்கிரும்" என்று அத்தான் செருப்பைக் கொடுத்து அனுப்பினாள். அந்தச் செருப்போடு மலையிறங்கி வந்தேன். மனைவி வாசலிலேயே, "அவ எங்கே?" என்றாள். சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அக்கா வீட்டில் ஃபோனுக்குச் சிக்னல் எடுக்காது. தினமும் சாயங்காலம் அவள் ரோட்டுக்கு ஏறி வந்து பேசுகிறாள். "நல்லாத்தான் இருக்கா. ரெண்டு தோசை சாப்பிட்டா. ஏலக்காய் எடுக்க எங்கூட எறங்குறா. ராத்திரி நல்லாத் தூங்குனா." மனைவிக்கு முகம் தெளிந்துவிட்டது. பூஜை அறையில் விளக்குப் போடுகிறாள். நான் ஃபோனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நிற்கிறேன். மலை தெரிகிற திசையில் மஞ்சு மட்டும்தான் தெரிகிறது.

நண்பர்களே, என் நிலைமை புரிகிறதா? பயந்து போய்க் கேட்கிறவனுக்கு நல்ல பதிலைத்தான் அக்கா சொல்வாள். அவள் குணம் அது. வீங்கிய கன்னத்தோடு படுத்திருந்தவனுக்கு என்ன சொன்னாளோ, தாழ்ப்பாளைக் கழற்றிய அப்பனுக்கும் அதைத்தான் சொல்வாள். அந்தக் குரலில் ஒரு பிசிறு இருக்காது. இத்தனை வருஷம் நம்பினேனே, அதில் பிசிறு இருந்ததா?

இன்று சாயங்காலம், "இன்னைக்குப் பாடுனாடா தம்பி" என்றாள்.

மனைவி பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு அழுதாள். நான் கேட்டேன்: "எந்தப் பாட்டு?"

அந்தப் பக்கம் காற்று மட்டும் அடித்தது. ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு போனது.

"காத்துல சரியா கேக்கலடா" என்றாள்.

"அவகிட்டக் குடு."

"அவ வீட்டுல இருக்கா. நாளைக்குக் கூட்டிட்டு வர்றேன்."

மனைவியிடம் அந்த இடைவெளியைப் பற்றி நான் சொல்லவில்லை. அவள் சந்தோஷமாகச் சமைக்கப் போனாள். அக்கா சொன்னது நிஜமாகவே இருக்கலாம். மலையில் காற்று அப்படித்தான் அடிக்கும். செடிக்குள்ளிருந்து வரும் பாட்டில் வார்த்தை பிரியாது. அப்படியே இருக்கட்டும் என்று என் தெய்வங்களையெல்லாம் கும்பிட்டேன்.

காலையில் தோட்டத்து ஜீப்பில் ஏறப்போகிறேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் எனக்காக ஏதாவது தயார் செய்து வைப்பாள். போய் அந்த இறக்கத்தில் சத்தமில்லாமல் நிற்கப் போகிறேன். மகள் பாடினால் கேட்பேன். பாடாவிட்டால் பாடாததையும் கேட்பேன். இந்தத் தடவை நான் அங்கே இருக்க வேண்டும்.